இரண்டாவது கப்பு

ஜெயித்தவர்களுக்கு ஒரு கப்பு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது தம்பி. இடுப்பு உயரக் கப்பு. பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து தூக்கி, தலைக்கு மேலே ஆட்டி, போட்டோ எடுத்து எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டாவது கப்பையும் அவர்களுக்கே கொடுப்பதென்றால் அதற்கு எதற்கு ஒரு மைக், எதற்கு என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தி உட்கார வைப்பது? இதைத்தான் நான் கேட்டேன். கேட்டது தப்பா?

இல்லை, நீங்கள் காலை நீட்டி உட்காருங்கள். பைக்குள் இருப்பது அந்தக் கப்புதான். ஒன்றும் ஆகாது. நாகர்கோவிலில் ஏறியதிலிருந்து மடியிலேயே வைத்திருந்தேன், தொடை மரத்துப் போய்விட்டது. நான் திருப்பூர் வரைக்கும் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் மாற வேண்டும். நீங்கள் மதுரையா? நல்லது. அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

எங்கள் ஊர் எதுவென்று கேட்காதீர்கள். சொன்னால் எங்கள் செயலாளர் தண்டபாணியைத் தெரிந்தவர் ஒருவர் இந்த பஸ்ஸிலேயே இருப்பார். அவ்வளவு பழக்கம் அந்த மனிதருக்கு. பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் ஊர் பாஸ்கெட்பால் கழகத்துக்குப் பல வருஷமாக அவர்தான் செயலாளர். வருஷா வருஷம் கல்லூரிப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்துகிறார்கள். கோயம்புத்தூர், சென்னை, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். அந்தப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரிக்கு ஒரு சுழற்கோப்பை. என் மனைவி பெயரில், நான் கொடுத்தது. சுலோச்சனா ரங்கநாதன் நினைவுக் கோப்பை. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன் தம்பி. பள்ளிக்கூடம் அதிகம் போனவனில்லை. ஆனால் நல்ல ஆட்டம் எது என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் சுலோச்சனாவை நான் பார்த்தேன். அதே மைதானத்தில், என் இருபத்துநாலாவது வயதில். மைதானத்துக் கிணற்று மோட்டார் புகைந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், கோர்ட்டில் ஒரு பெண் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறாள். மூன்று பேர் மறிக்கிறார்கள். எப்படிப் புகுந்தாள், எங்கே வளைந்தாள் என்று தெரியவில்லை, பந்து கூடைக்குள் இருக்கிறது. நான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன்தான். அன்றைக்கு அந்த மோட்டார் ஓடவில்லை.

அவள் கல்லூரி தோற்றது. அடிக்கிறவள் இவள் ஒருத்தி, மற்ற நாலு பேரும் சும்மா ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நாள் பரிசு கொடுக்கும்போது சிறந்த ஆட்டக்காரி என்று ஜெயித்த அணியின் கேப்டனைக் கூப்பிட்டார்கள். சுலோச்சனா படிக்கட்டில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு எரியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அந்த வருஷமே என் மாமாவை அனுப்பிப் பெண் கேட்டேன். தெரிந்த குடும்பம்தான், சரி என்று சொல்லிவிட்டார்கள்.

யுனிவர்சிட்டி டீமிலும் அவளை எடுத்திருந்தார்கள். வடக்கே எங்கேயோ போய் ஆட வேண்டும். முகூர்த்தம் குறித்த பெண் டிரவுசர் போட்டுக்கொண்டு ரயிலேறிப் போவதா என்று என் அப்பா ஒரு வார்த்தை கேட்டார். நான் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. தடுத்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். பிறகு வீடு, கடை, பையன், அவன் படிப்பு. மாடியில் ஒரு வளையம் மாட்டித் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். கடை வேலையில் அது அப்படியே போயிற்று. ஒரு நாளாவது அவள் அதைக் குத்திக் காட்டியிருப்பாளா? மாட்டாள். அப்படிப்பட்டவள்.

சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அநியாயத்தைப் பற்றி.

அந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் இந்தக் கப்பு. தோற்ற அணியில் ஒருத்தி இருப்பாள். அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவளைக் கூப்பிட ஒரு கப்பு வேண்டும். இதைத் தண்டபாணியிடம் தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன். "ஆகட்டுங்ணா, ஆகட்டுங்ணா" என்று தலையாட்டி வாங்கிக்கொண்டார். முதல் வருஷம் யாருக்குக் கொடுத்தார்? ஜெயித்த அணிக் கேப்டனுக்கு. போன வருஷம்? ஜெயித்த அணிக் கேப்டனுக்கு. ஏனப்பா என்று கேட்டால் ஒரு காரணம் சொன்னார் பாருங்கள்.

"ரங்கண்ணா, தோத்த டீமு அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிடுதுங்க. பைனல் அன்னைக்கு யாருங்க இருக்கறாங்க? பேரை வாசிச்சா மேல வர ஆள் வேண்டாமுங்களா? வி.ஐ.பி. கப்பைக் கையில வெச்சுட்டு யாரைப் பார்த்துட்டு நிப்பாரு?"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். கூப்பிட்டால் வர ஆள் வேண்டும் என்பதற்காகச் சிறந்த ஆட்டக்காரியையே மாற்றிவிடுகிறவர்களை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இந்த வருஷம் பெல்சியா வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி. ஒல்லியான பெண். முதல் மேட்ச்சிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே வளைவு தம்பி. அதே மாதிரி மூன்று பேருக்கு நடுவில் புகுந்து போவது. செமி பைனலில் கோயம்புத்தூர்க் கல்லூரியோடு மோதினார்கள். பெல்சியாவின் அணி போட்டதில் பாதிக்கு மேல் அவள் ஒருத்தி போட்டது. எதிரணிக் கேப்டன் கீர்த்தனா என்று ஒரு பெண். அவள் என்ன செய்தாள்? பந்தை வாங்குவாள், கொடுப்பாள். வாங்குவாள், கொடுப்பாள். யாராவது விழுந்தால் தூக்கிவிடுவாள். கத்திக் கத்தி எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்துவாள். கூடையில் அவள் போட்டதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள்.

பெல்சியாவின் அணி மூட்டை கட்டிவிட்டது. நான் விடவில்லை. அவர்கள் பி.டி. மேடம் ஜாஸ்மினிடம் போனேன். "அம்மா, நாளைக்கு பைனல் வரைக்கும் இருங்க. ஒரு நல்ல சேதி இருக்கு" என்றேன். அந்தம்மா தயங்கினார்கள். பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை காலையில் பரீட்சை என்றார்கள். பரீட்சை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் அம்மா, இது அப்படியில்லை என்று சொல்லி, அவர்களைக் கல்யாண மண்டபத்திலேயே தங்க வைத்தேன். தண்டபாணி சொன்ன காரணத்தை நான் தீர்த்து வைத்துவிட்டேன், பார்த்தீர்களா? இப்போது கூப்பிட்டால் வர ஆள் இருக்கிறது.

பைனலில் கோயம்புத்தூர்தான் ஜெயித்தது. பரிசளிப்புக்கு முன்னால் தண்டபாணியிடம் போய், "பெல்சியா டீம் இருக்குதுங்க. கேலரியில உக்காந்திருக்கறாங்க" என்றேன்.

"அதனால என்னங்ணா?"

"பெஸ்ட் பிளேயர் அந்தப் புள்ளைதானுங்க."

அவர் என் தோளில் கை போட்டார். தோளில் கை போட்டாலே அவர் வேறு முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம். "கோவிச்சுக்காதீங்க. இது அஞ்சு பேரு ஆட்டம். டீமை ஜெயிக்க வெக்கறவதானுங்க பெஸ்ட் பிளேயரு. ஒத்தையா எத்தனை போட்டு என்னங்க பிரயோசனம், டீமு தோத்துப்போச்சில்ல?"

"அப்படின்னா ஜெயிச்ச டீமைக் கூட்டிட்டு வந்த பஸ் டிரைவருக்குக் குடுங்க. அவரும்தான் ஜெயிக்க வெச்சாரு."

"அட, நீங்க ஒண்ணு! உங்களுக்கு மோட்டாரு தெரியுமுங்ணா. இது வேற."

"சரி, மோட்டாரே பேசலாம். கிணத்துல தண்ணியில்லைன்னா மோட்டார் மேலயா பழி போடுவீங்க?"

"தண்ணி வரலைன்னா மோட்டாரு நல்லா ஓடுதுன்னு சொல்லி யாருங்ணா மாலை போடறாங்க?" என்றார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதே தலைக்கு ஏறிவிட்டது. அவர் சொன்னது சரியான பதில் என்று நினைக்காதீர்கள். சிரிக்க வைக்கிற பதில், அவ்வளவுதான்.

பரிசளிப்பு ஆரம்பித்தது. சிறந்த ஆட்டக்காரி, கோயம்புத்தூர் கீர்த்தனா என்று மைக்கில் சொன்னார்கள். கோப்பையைக் கொடுப்பவர், திரு. ரங்கநாதன். கீர்த்தனா மேடையேறி என் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். போட்டோக்காரர், "சார், இந்தப் பக்கம் பாருங்க" என்கிறார். "குடுங்ணா, குடுங்ணா" என்று காதுக்குள் தண்டபாணி. நான் கொடுக்கவில்லை. கப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

"இந்தக் கப்பு ஜெயிச்சவங்களுக்கு இல்லீங்க. நல்லா ஆடினவங்களுக்கு. பெல்சியா, மேல வாம்மா" என்றேன்.

கீர்த்தனா நீட்டிய கையோடு நிற்கிறாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கையை இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள். காலைத் தொடுவது எதற்கு? எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதானே? அதுவும் ஒரு ஆட்டம்தான்.

பெல்சியா வரவில்லை. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அவள் அணி மொத்தமும் எழுந்தது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையாக கேலரியை விட்டு வெளியே போனார்கள். ஜாஸ்மின் மேடம் மட்டும் மேடைக்குக் கீழே வந்து நின்றார்கள். "இதுக்கா சார் எங்கள நிப்பாட்டி வச்சீங்க? விடிஞ்சா பிள்ளைகளுக்குப் பரீட்சை. எங்க கேப்டன் பெல்சியாவ இத்தன பேரு முன்னால இப்பிடி நிறுத்திட்டீங்களே" என்றார்கள். நான் அவமானப்படுத்தினேனாம். நானா? அந்தப் பெண்ணுக்காக அத்தனை பேர் முன்னால் வாய் திறந்தவன் நான் ஒருத்தன்தான்.

ஊரில் ஒரு வாரம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓசூரிலிருந்து பையன் போன் போட்டு, "கப்பைத் திருப்பிக் குடுத்துருங்கப்பா" என்றான். யாரிடம் கொடுக்க? உரியவளிடம் கொடுக்க வேண்டும். அதனால் நானே நேற்றுக் கிளம்பி நாகர்கோவில் போனேன்.

சாயங்காலம் கல்லூரிக் கோர்ட்டில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "ஏட்டி, அந்தக் கப்புத் தாத்தா வந்திருக்காவ" என்று ஒருத்தி கத்தினாள். ஓடி வந்து சுற்றிக்கொண்டார்கள். நல்ல பிள்ளைகள். தண்ணீர் கொடுத்தார்கள். பெல்சியா கடைசியாக வந்தாள். நான் கப்பை எடுத்து, "இது உன்னுதும்மா" என்றேன்.

"வேண்டாம் தாத்தா."

"ஏன் வேண்டாம்? நீதானே நல்லா ஆடினே?"

"நான் ஆடுனதுனாலதான் தோத்தோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள்: "கடைசி நிமிஷத்துல அனிஷா கூடைக்குக் கீழ தனியா நின்னா. ரெண்டு கையையும் தூக்கிட்டு நின்னா. நான் பாத்தேன் தாத்தா. பாத்துட்டுத்தான் நானே எறிஞ்சேன். வளையத்துல பட்டு வெளிய போயிட்டு. அனிஷாட்ட குடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

அனிஷா என்கிற பெண் பக்கத்திலேயே நிற்கிறாள். குட்டையாக, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு. "கண்டிப்பா போட்டிருப்பேன் தாத்தா" என்றாள் அவள்.

"கிழிச்ச. நீ கூடைக்கு அடியில நின்னு போடுத லே-அப்பையே ரோட்டுல அடிப்ப" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லோரும் ஓவென்று சிரித்தார்கள். அனிஷாவும் சிரிக்கிறாள். பெல்சியா மட்டும் சிரிக்கவில்லை.

"கீர்த்தனாவா இருந்தா குடுத்திருப்பா. அதான் அவ ஜெயிச்சா. இந்தக் கப்ப நான் வாங்கிட்டேன்னா, நாளைக்கு அனிஷா மூஞ்சில எப்பிடி முழிக்கது?"

"அப்படின்னா நீயும் தண்டபாணி கட்சியா?" என்று கேட்டேன். அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது, பாவம். விழித்தாள். நான் என் மனைவி கதையைச் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்னேனே, அதே மாதிரி. மூன்று பேர் மறித்தது, அவள் புகுந்தது, தோற்றது, கைதட்டியது எல்லாம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

"அப்புறம் அவங்க எந்த டீமுக்கு ஆடுனாங்க தாத்தா?" என்று அனிஷா கேட்டாள்.

"அப்புறம் எங்கே? கல்யாணம் ஆயிடுச்சே."

"யாரு கூட?"

"என்கூடத்தான்."

அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள், எல்லோரும் என்னையே பார்த்தார்கள் தம்பி. எதற்காக என்னை அப்படிப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஊரில் நடக்காததா? பெல்சியாதான் மெதுவாகக் கேட்டாள், அவங்க ஆடி நீங்க எத்தன மேட்ச் பாத்திருக்கீங்க தாத்தா என்று.

"ஒண்ணு. ஒண்ணு போதாதா?" என்றேன்.

கப்பைக் கையில் வாங்கினாள். அதில் இருந்த பெயரைப் படித்தாள். துண்டால் அதைத் துடைத்தாள். "சரி தாத்தா, எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். என் மனசு எப்படிக் குளிர்ந்தது தெரியுமா? நாற்பது வருஷத்துக் கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அப்புறம் சொல்கிறாள்: "அடுத்த மாசம் எங்களுக்குக் கோயம்புத்தூர்ல மேட்ச் இருக்கு. கீர்த்தனாட்ட நானே குடுத்திடுதேன். நான் குடுத்தா அவ வாங்கிக்கிடுவா."

எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்! நான் வாங்கிக்கொண்டேன். பிடுங்கினேன் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொண்டேன். அவள் சட்டென்று விடவில்லை, அதில் கப்பின் ஒரு பக்கக் காது கொஞ்சம் வளைந்துவிட்டது. தட்டினால் சரியாகிவிடும். பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே நடந்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கொடுத்தவன் நான். என் மனைவி பெயர். யாருக்குப் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா இல்லையா? ஜெயித்தவர்கள் வேண்டும் என்கிறார்கள், அவர்களுக்குத் தகுதியில்லை. தகுதி உள்ளவள் வேண்டாம் என்கிறாள். மேலே வா என்றால் வர மாட்டேன் என்கிறாள். ஊர் தேடிப் போனால் வேறு ஒருத்திக்குக் கொடுக்கிறேன் என்கிறாள். நல்லதற்குக் காலமில்லை தம்பி. அடுத்த வருஷம் நானே ஆளை முடிவு செய்து நானே கொடுப்பேன். வாங்கிக்கொள்ளாவிட்டால் வீட்டிலேயே இருக்கட்டும்.

மதுரை வந்துவிட்டதா? இறங்குங்கள், இறங்குங்கள். பையைத் தாண்டிப் போங்கள்.

என்ன கேட்டீர்கள்? சுலோச்சனா இருந்திருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பாள் என்றா?

அவளை விடுங்கள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் ஆட்டத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், நான் எங்கே ஆடினேன், தனபாக்கியம்தான் பந்தைப் பிடித்துக் கொடுப்பாள், லில்லிதான் ஆளை மறிப்பாள் என்று அந்த நாலு பேரையே சொல்லிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷமும் அதே நாலு பெயர். அவளிடம் கேட்டிருந்தால் அவர்களில் யாராவது ஒருத்திக்குக் கொடுத்துவிடுங்கள் என்றிருப்பாள். அவளைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால், என் வாழ்க்கையில் நான் ஒரு காரியமாவது செய்திருக்க முடியுமா தம்பி?